மூன்று, ஏழு, ஐம்பத்தேழு

ஒரு விமான நிறுவனம் தன் சேவையை இரண்டு விதிகளுக்குள் அமைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த நகரத்திலிருந்தும் நேரடி விமானம் செல்லும் நகரங்கள் சரியாக மூன்றாக இருக்க வேண்டும். ஆயினும் எந்த நகரத்திலிருந்து எந்த நகரத்துக்குப் போவதானாலும் வழியில் ஒரு முறைக்கு மேல் விமானம் மாற நேரக்கூடாது. இவ்விரு விதிகளையும் மீறாமல் அந்நிறுவனம் அதிகபட்சம் எத்தனை நகரங்களை இணைக்க முடியும் என்பது பள்ளி மாணவருக்கும் படித்தவுடன் புரியக்கூடிய கேள்விதான் என்றாலும், அதன் முழு விடையைத் தேடிப் போகிறவர் கணிதத்தின் இரு வேறு கிளைகளைத் துணைக்கு அழைத்தே தீர வேண்டியிருக்கிறது. மூன்று என்ற எண்ணுக்குப் பதிலாக நான்கு, ஏழு, பதின்மூன்று என்று வெவ்வேறு எண்களை வைத்துப் பார்த்தால் விடை சீராக வளர்ந்துகொண்டே போகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடப்பதில்லை. மிகச் சில எண்களுக்கு மட்டும் கச்சிதமான அமைப்பு ஒன்று கிடைக்கிறது. ஏனைய எண்கள் அனைத்துக்கும் அது கிடைக்கவே கிடைக்காது என்று நிறுவ முடிகிறது. ஐம்பத்தேழு என்ற ஒரே ஓர் எண்ணைப் பொறுத்தவரை, 1960ஆம் ஆண்டில் எழுந்த ஐயம் இன்னும் தீரவில்லை.

புள்ளிகளையும் அவற்றுள் சிலவற்றை இணைக்கும் கோடுகளையும் மட்டும் கொண்ட படத்தைக் கணிதவியலார் கோட்டுரு என்கிறார்கள். புள்ளிகளுக்கு முனைகள் என்றும் கோடுகளுக்கு விளிம்புகள் என்றும் பெயர்; ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அம்முனையின் படி எனப்படும். விளிம்பு நேராக வரையப்பட்டிருக்கிறதா, வளைந்து போகிறதா, இன்னொன்றைக் குறுக்கே வெட்டுகிறதா என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல. எது எதனோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே கணக்கில் வரும். 1736இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிருக்கு ஆய்லர் தந்த விடையிலிருந்து இந்தத் துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அந்தக் கதை எல்லா நூல்களிலும் இருப்பதால் இங்கே அதைத் தாண்டிச் செல்லலாம்.

விமானக் கேள்வியைக் கோட்டுருவின் மொழியில் சொன்னால், ஒவ்வொரு முனைக்கும் ஒரே படி இருக்க, எந்த இரு முனைகளுக்கும் இடையே இரண்டு விளிம்புகளுக்கு மிகாத வழி இருக்கும்படி, முனைகளின் எண்ணிக்கை எவ்வளவு வரை போகலாம் என்பதே கேட்கப்படுகிறது. மேல் எல்லையைக் காண்பது எளிது. ஏதேனும் ஒரு முனையில் நின்று பார்த்தால், படி மூன்றாக இருக்கும்போது அதற்கு மூன்று அண்டை முனைகள் உண்டு. அந்த அண்டை ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் விளிம்பைக் கழித்துவிட்டால் புதிய முனைகளுக்குச் செல்ல இரண்டிரண்டு விளிம்புகளே மீதம் இருக்கின்றன. ஆகவே நிற்கும் முனை 1, அண்டைகள் 3, அவற்றின் வழியே எட்டக்கூடியவை 6 என மொத்தம் 10 முனைகளுக்கு மேல் போக வழியில்லை. படியை ப என்று குறித்தால் இந்த எல்லை ப² + 1 ஆகும். படி 2 எனில் 5, படி 4 எனில் 17, படி 7 எனில் 50, படி 57 எனில் 3250.

எல்லையைத் தொட வேண்டுமானால் ஒரு விளிம்புகூட வீணாகக் கூடாது. ஒரே முனைக்கு இரண்டு வழிகளில் போய்ச் சேர முடிந்தால், அவற்றுள் ஒரு வழி புதிய முனை எதையும் தராமல் விரயமாகிவிடுகிறது. எனவே இத்தகைய கோட்டுருவில் முக்கோணமும் இருக்காது, நான்கு விளிம்புகளால் ஆன சுற்றும் இருக்காது. நேரடியாக இணைந்த இரு முனைகளுக்குப் பொது அண்டை ஒன்றுகூட இருக்காது, இணையாத இரு முனைகளுக்குப் பொது அண்டை சரியாக ஒன்று இருக்கும். அமெரிக்கக் கணிதவியலார் எட்வர்டு மூர் எழுப்பிய கேள்வி என்பதால் இவற்றுக்கு மூர் கோட்டுருக்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. படி 2க்கு விடை கண்ணெதிரே இருக்கிறது: சாதாரண ஐங்கோணம்.

படி 3க்கான பத்து முனைகள் கொண்ட கோட்டுருவை வரையாமலேயே அமைத்துக் காட்டலாம். ஐந்து பேரிலிருந்து இருவர் இருவராகத் தேர்ந்தெடுத்தால் பத்து இணைகள் கிடைக்கின்றன; ஒவ்வோர் இணையையும் ஒரு முனையாகக் கொண்டு, பொதுவான ஆள் எவரும் இல்லாத இணைகளை மட்டும் விளிம்பால் சேர்க்க வேண்டும். ஐவருக்கும் 1 முதல் 5 வரை எண்ணிட்டால், 12 என்ற இணைக்கு 34, 35, 45 ஆகிய மூன்றும் அண்டைகள் ஆகின்றன. அம்மூன்றும் தமக்குள் ஆளைப் பகிர்ந்துகொள்வதால் அவற்றுக்கிடையே விளிம்பு இல்லை, ஆகவே முக்கோணமும் இல்லை. 12, 13 என்ற இரு இணைகளும் 1 என்ற ஆளைப் பகிர்வதால் நேரடியாக இணையவில்லை. ஆனால் 1, 2, 3 மூவரையும் விட்டுவிட்டால் எஞ்சும் 45 ஒன்றே இரண்டுக்கும் பொது அண்டையாக நிற்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த யூலியஸ் பீட்டர்சன் 1898இல் இதைத் தம் ஆய்வில் பயன்படுத்தியதால் அவர் பெயரால் வழங்கும் இந்தக் கோட்டுரு, கோட்டுருவியல் நூல்களின் அட்டையில் அடிக்கடி காணப்படுவது. புதிதாக ஒரு கருதுகோளை முன்வைக்கிறவர்கள் அதை முதலில் சோதித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் இதன்மீதுதான்.

படி 4க்கு வந்தவுடன் கை தடுமாறத் தொடங்குகிறது. பதினேழு முனைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விளிம்புகள் என்று எவ்வளவு முயன்று வரைந்தாலும் எங்கோ ஓரிடத்தில் விதி மீறப்படுகிறது. எல்லா வகைகளையும் வரைந்து பார்த்துவிடலாமே என்றால், பதினேழு முனைகளுக்கிடையே 136 இணைப்புகள் சாத்தியம். ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாமற்போகலாம் என்பதால் மொத்த வகைகளின் எண்ணிக்கையை எழுத 41 இலக்கங்கள் தேவைப்படும். புத்திசாலித்தனமாகக் கிளைகளை வெட்டித் தேடினால் படி 4ஐக் கணினியால் முடித்துவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் படி 5, 6, 8, 9 என்று முடிவில்லாமல் நீளும் வரிசை முழுவதையும் அப்படி ஒவ்வொன்றாகத் தீர்க்க எந்தக் கணினியாலும் இயலாது. முடிவிலாத வினாக்களுக்கு ஒரே மூச்சில் விடை சொல்லும் வாதம் வேண்டும். அந்த வாதத்தை ஆலன் ஹாஃப்மன், ராபர்ட் சிங்கிள்டன் என்ற இரு அமெரிக்கர்கள் 1960இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட கருவி, படங்களோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் நேரியல் இயற்கணிதம்.

எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும், அதாவது கிடைவரிசைகளாகவும் நெடுவரிசைகளாகவும் அடுக்கிய அட்டவணைக்கு அணி என்று பெயர். அணிகளையும், அணிகள் ஓர் எண்வரிசையை இன்னோர் எண்வரிசையாக எப்படி மாற்றுகின்றன என்பதையும் ஆராய்வது நேரியல் இயற்கணிதம். ஒரு கோட்டுருவை அணியாக எழுதுவது எளிது: முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரையும் ஒரு நிரலும் ஒதுக்கி, இரு முனைகள் இணைந்திருந்தால் அவை சந்திக்கும் கட்டத்தில் 1, இல்லாவிட்டால் 0 என்று இட வேண்டும். ஐங்கோணத்தின் முனைகளைச் சுற்றுவரிசையில் எண்ணிட்டால், முதல் முனைக்கு 2ஆம் முனையும் 5ஆம் முனையும் அண்டைகள் என்பதால் முதல் நிரை 0, 1, 0, 0, 1 என்று அமையும். மற்ற நிரைகளும் இவ்வாறே. இதுவரை நடந்திருப்பது படத்தை எண்களாக நகலெடுத்தது மட்டுமே. இந்த அணியை அதனாலேயே பெருக்கும்போதுதான் நகலெடுத்ததன் பயன் தெரிகிறது.

இரண்டு அணிகளைப் பெருக்குவது என்பது முதல் அணியின் ஒரு நிரையையும் இரண்டாம் அணியின் ஒரு நிரலையும் எடுத்து, ஒத்த இடங்களில் உள்ள எண்களைப் பெருக்கிக் கூட்டுவதாகும். கோட்டுருவின் அணியில் உள்ளவை 0, 1 ஆகிய எண்களே என்பதால், ஒரு பெருக்கல் 1 ஆக வேண்டுமானால் புறப்படும் முனையிலிருந்து இடையிலுள்ள முனைக்கு விளிம்பு இருக்க வேண்டும், அங்கிருந்து சேருமிடத்துக்கும் விளிம்பு இருக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் 1களைக் கூட்டினால் வருவது, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இரண்டு எட்டில் போகும் வழிகளின் எண்ணிக்கை. விமானப் பயணத்தில் ஒரே ஒரு முறை மாறிப் போகும் வழிகளை எல்லா நகரங்களுக்கும் ஒரே பெருக்கலில் எண்ணிவிட முடிகிறது என்று பொருள். ஐங்கோணத்தில் இவ்வாறு பெருக்கினால் முதல் நிரை 2, 0, 1, 1, 0 என்று வருகிறது: முதல் முனையிலிருந்து அண்டைக்குப் போய்த் திரும்ப இரண்டு வழிகள், 3ஆம் முனைக்கு ஒரு வழி, 4ஆம் முனைக்கு ஒரு வழி. இதனோடு பழைய நிரையான 0, 1, 0, 0, 1 ஐக் கூட்டினால் 2, 1, 1, 1, 1. முதலிடத்தில் மிகுதியாக இருக்கும் ஒன்றைக் கழித்தால் எல்லா இடங்களிலும் 1.

எந்த மூர் கோட்டுருவுக்கும் இதே கணக்கு பொருந்தும். அணியின் வர்க்கத்தில், ஒரு முனை தன்னையே சந்திக்கும் மூலைவிட்டக் கட்டங்களில் படியின் மதிப்பும், அண்டைகளுக்குரிய கட்டங்களில் 0உம், அண்டை அல்லாதவற்றுக்குரிய கட்டங்களில் 1உம் இருக்கும் என்பதைப் பொது அண்டைகளைப் பற்றி முன்பு கண்ட நிபந்தனையே சொல்லிவிடுகிறது. ஆகவே அணியின் வர்க்கத்தோடு அணியைக் கூட்டி, மூலைவிட்டத்தில் மட்டும் ப − 1 ஐக் கழித்தால், எல்லாக் கட்டங்களிலும் 1 மட்டுமே உள்ள அணி கிடைக்கும். முக்கோணம் இல்லை, நான்கு விளிம்புச் சுற்று இல்லை, எல்லாமே இரண்டு எட்டுக்குள் என்ற மூன்று வடிவியல் விதிகளும் சேர்ந்து ஒற்றைச் சமன்பாடாகச் சுருங்கிவிட்டன. இதற்குப்பின் படத்தை ஒருமுறைகூடப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்துத் தேவைப்படுவது ஐகன் மதிப்பு என்ற கருத்து. கோட்டுருவின் ஒவ்வொரு முனையிலும் ஏதேனும் ஓர் எண்ணை எழுதிவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முனையிலும் உள்ள எண்ணை அழித்து, அதன் அண்டைகளில் இருந்த எண்களின் கூட்டுத்தொகையை அங்கே எழுத வேண்டும். பெரும்பாலும் எண்கள் தாறுமாறாக மாறிவிடும். ஆனால் சில சிறப்பான எண்ணடுக்குகளில் எல்லா முனைகளின் எண்களும் ஒரே மடங்கால் பெருக்கப்பட்டது போல மாறும். அந்த மடங்கே ஐகன் மதிப்பு. எல்லா முனைகளிலும் 1 என்று எழுதினால் மாற்றத்துக்குப்பின் எல்லாவற்றிலும் படியின் மதிப்பு நிற்கும் என்பதால், படியே ஓர் ஐகன் மதிப்பாகிறது. மற்றவை அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. பீட்டர்சன் கோட்டுருவில், 1 என்ற ஆள் இடம்பெறும் நான்கு இணைகளிலும் 3 என்றும், அவர் இடம்பெறாத ஆறு இணைகளிலும் −2 என்றும் எழுதிப் பார்க்கலாம். 12இன் அண்டைகளான 34, 35, 45 மூன்றிலும் −2 இருப்பதால் அங்கே வரும் புதிய எண் −6, அதாவது 3இன் −2 மடங்கு. 23இன் அண்டைகளான 14, 15, 45 ஆகியவற்றில் 3, 3, −2 இருப்பதால் புதிய எண் 4, அதுவும் −2இன் −2 மடங்கு. ஆகவே −2 ஓர் ஐகன் மதிப்பு. 1க்குப் பதில் 2, 3, 4, 5 என்ற ஆட்களை வைத்தும் இதே போன்ற எண்ணடுக்குகளை அமைக்கலாம் என்றாலும், ஐந்தையும் கூட்டினால் எங்கும் 0 வந்துவிடுவதால், அவற்றுள் ஒன்றையொன்று சாராதவை நான்கு மட்டுமே. இந்த நான்கு என்ற எண்ணிக்கை −2இன் மடங்கெண் எனப்படும்.

மூர் கோட்டுருவில் எந்தெந்த ஐகன் மதிப்புகள் வரக்கூடும் என்பதை மேலே கண்ட சமன்பாடு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. எண்களின் மொத்தக் கூட்டுத்தொகை 0 ஆக இருக்கும் எண்ணடுக்கு ஒன்றின்மீது, எல்லாக் கட்டங்களிலும் 1 உள்ள அணியைச் செயல்படுத்தினால் எங்கும் 0 வரும். ஆகவே ஐகன் மதிப்பின் வர்க்கத்தையும் ஐகன் மதிப்பையும் கூட்டினால் ப − 1 கிடைத்தாக வேண்டும். இது பள்ளியில் தீர்க்கும் இருபடிச் சமன்பாடுதான். தீர்வுகள் இரண்டு: 4ப − 3 இன் வர்க்கமூலத்தோடு −1 ஐக் கூட்டிப் பாதியாக்கியது ஒன்று, அதே வர்க்கமூலத்தை −1 இலிருந்து கழித்துப் பாதியாக்கியது மற்றொன்று. படியையும் சேர்த்து மொத்தம் மூன்றே ஐகன் மதிப்புகள். கோட்டுருவில் ஆயிரம் முனைகள் இருந்தாலும் மூன்றுதான்.

நேரியல் இயற்கணிதத்தின் இரண்டு அடிப்படை முடிவுகளை இங்கே பயன்படுத்த வேண்டும். ஒன்று, இத்தகைய அணியில் மடங்கெண்களை எல்லாம் கூட்டினால் முனைகளின் மொத்த எண்ணிக்கை வரும். மற்றொன்று, ஐகன் மதிப்புகளை அவற்றின் மடங்கெண்களால் பெருக்கிக் கூட்டினால் அணியின் மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை வரும். எந்த முனையும் தன்னோடு தானே இணைவதில்லை என்பதால் மூலைவிட்டம் முழுவதும் 0, ஆகவே இந்தத் தொகையும் 0. பீட்டர்சன் கோட்டுருவில் 3 ஒரு முறையும், 1 ஐந்து முறையும், −2 நான்கு முறையும் வருவதால் 3 + 5 − 8 = 0 என்று கணக்குச் சரியாக முடிகிறது.

படி 4இல் இந்தக் கணக்கு முடிவதில்லை. 4ப − 3 என்பது அங்கே 13. அதன் வர்க்கமூலம் பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண். ஐகன் மதிப்புகளின் தொகை 0 ஆக வேண்டுமானால் அந்த வர்க்கமூலம் எப்படியாவது மறைய வேண்டும்; அது மறைய, இரண்டு மடங்கெண்களும் சமமாக, அதாவது படிக்குரிய ஒன்று போக எஞ்சும் பதினாறில் எட்டெட்டாக இருக்க வேண்டும்; அப்படி இருந்தால் தொகை 4 − 8 = −4 என்று வருகிறதே தவிர 0 வருவதில்லை. பதினேழு முனைகள் கொண்ட கோட்டுரு இல்லை என்று நிறுவ இவ்வளவே போதும். வரைந்து பார்த்துத் தோற்ற கைகளின்மீது குற்றமில்லை. 4ப − 3 முழு வர்க்கமாக இல்லாத எல்லாப் படிகளுக்கும் இதே கதிதான், ஐங்கோணத்தைத் தரும் படி 2 ஒன்று மட்டும் விலக்கு. முழு வர்க்கமாக இருந்தாலும் தப்பித்துவிட முடியாது. படி 13க்கு 4ப − 3 என்பது 49, வர்க்கமூலம் 7. ஆனால் இரு மடங்கெண்களின் வித்தியாசம் 143ஐ 7ஆல் வகுத்த ஈவாக இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. 143 ஏழால் மீதியின்றி வகுபடாது. மடங்கெண் என்பது எண்ணிக்கை, எண்ணிக்கை பின்னத்தில் வர முடியாது. பொதுவாக எழுதிப் பார்த்தால், அந்த வர்க்கமூலம் 15ஐ மீதியின்றி வகுக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடைக்கிறது. 15இன் வகுத்திகள் 1, 3, 5, 15 ஆகிய நான்கே. இரண்டே முனைகளை ஒரு விளிம்பால் சேர்க்கும் அற்ப நேர்வைத் தரும் 1ஐ ஒதுக்கிவிட்டால், அவற்றுக்குரிய படிகள் முறையே 3, 7, 57. முடிவிலாத வரிசையிலிருந்து படி 2ஐயும் சேர்த்து நான்கு படிகள் மட்டுமே எஞ்சுகின்றன. கோட்டுருக்களைப் பற்றிய கேள்விக்குள் 15 என்ற எண் எங்கிருந்தோ வந்து இப்படித் தீர்ப்புச் சொல்வது, கணிதவியலாரையே இன்றும் சற்று வியக்க வைப்பது.

இயற்கணிதம் இப்படி மறுக்க வல்லதே ஒழிய, ஆக்கித் தர வல்லதல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். படி 7க்குக் கணக்குத் தடை சொல்லவில்லை என்பதனாலேயே ஐம்பது முனைகள் கொண்ட கோட்டுரு இருந்தாக வேண்டும் என்றாகிவிடாது; அதை ஒருவர் கட்டிக்காட்ட வேண்டும். ஹாஃப்மனும் சிங்கிள்டனும் அதே கட்டுரையில் கட்டிக்காட்டினார்கள், அது ஒன்றே ஒன்றுதான் என்றும் நிறுவினார்கள். பின்னர் நீல் ராபர்ட்சன் தந்த அமைப்பு இன்னும் எளிது. ஐந்து ஐங்கோணங்களையும் ஐந்து ஐம்முனை நட்சத்திரங்களையும் வரைந்து, அவற்றுக்கும் அவற்றின் முனைகளுக்கும் 0 முதல் 4 வரை எண்ணிட வேண்டும். ஐங்கோணத்தில் அடுத்தடுத்த எண்கள் இணையும், நட்சத்திரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று இணையும். பிறகு ஓர் ஐங்கோணத்தின் முனை ஒன்றை ஒவ்வொரு நட்சத்திரத்தோடும் இணைக்க, ஐங்கோணத்தின் எண்ணையும் நட்சத்திரத்தின் எண்ணையும் பெருக்கி, முனையின் எண்ணைக் கூட்டி, ஐந்தால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 2ஆம் ஐங்கோணத்தின் 1ஆம் முனை 3ஆம் நட்சத்திரத்தில் எங்கே இணையும் என்றால், இரண்டு மூன்று ஆறு, ஒன்று கூட்ட ஏழு, ஐந்தால் வகுக்க மீதி 2. ஆகவே அதன் 2ஆம் முனையோடு. ஒவ்வொரு முனைக்கும் தன் உருவத்துக்குள் இரண்டும் எதிர் உருவங்களில் ஐந்துமாக ஏழு விளிம்புகள் அமைகின்றன. வெவ்வேறு ஐங்கோணங்களில் உள்ள இரு முனைகளுக்குப் பொது அண்டை எந்த நட்சத்திரத்தில் இருக்கும் என்று கேட்டால், ஒரே ஒரு விடை தரும் வகுத்தல் கணக்காக அது மாறிவிடுகிறது. ஐந்து பகா எண் என்பதால், மீதிகளுக்கிடையே சுழி அல்லாத எதனாலும் தடையின்றி வகுக்க முடிகிறது, அதனால் பொது அண்டை சரியாக ஒன்று என்பதும் உறுதியாகிறது.

பெருக்கிப் பார்த்து ஐகன் மதிப்புகளின் மடங்கெண்கள் முழு எண்களா என்று சோதிக்கும் இந்த உத்தி மூர் கோட்டுருக்களோடு நின்றுவிடவில்லை. 1966இல் ஹங்கேரியின் பால் எர்டிஷ், ஆல்ஃபிரட் ரெனி, வேரா சோஷ் மூவரும் நிறுவிய நட்புத் தேற்றம் இதற்கு நெருங்கிய உறவு: ஒரு கூட்டத்தில் எந்த இருவரை எடுத்தாலும் அவர்களுக்குப் பொதுவான நண்பர் சரியாக ஒருவர் இருக்கிறார் என்றால், அந்தக் கூட்டத்தில் அனைவருக்கும் நண்பரான ஒருவர் கட்டாயம் இருப்பார். அப்படியொருவர் இல்லை என்று வைத்துக்கொண்டால், எல்லாருக்கும் நண்பர்களின் எண்ணிக்கை சமம் என்பதை முதலில் காட்டிவிடலாம். அதற்குப்பின் முன்போலவே பெருக்கினால், அந்த எண்ணிக்கையின் வர்க்கத்தை அதைவிட ஒன்று குறைந்த எண் மீதியின்றி வகுக்க வேண்டும் என்று வருகிறது. எந்த எண்ணின் வர்க்கத்தையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தால் ஈவு எதுவானாலும் 1 மிஞ்சும் என்பதால், அந்த முந்தைய எண் 1ஆக மட்டுமே இருக்க முடியும். ஆகவே ஆளுக்கு இரண்டே நண்பர்கள், கூட்டத்தில் மூன்றே பேர், அம்மூவரில் எவரும் மற்ற இருவருக்கும் நண்பரே. முரண்பாட்டோடு வாதம் முடிகிறது.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை கூகுள். 1998இல் ஸ்டான்ஃபோர்டில் செர்கே பிரினும் லாரி பேஜும் வகுத்த பக்க மதிப்பீட்டு முறை, இணையப் பக்கங்களை முனைகளாகவும் சுட்டிகளை விளிம்புகளாகவும் கொண்ட மாபெரும் அணியின் ஐகன் மதிப்புக்குரிய எண்ணடுக்கைக் கண்டறிவதுதான் என்பது உண்மையே. ஆயினும் மூர் கோட்டுருக்களின் பயன் இதைவிட நேரானது. ஆயிரக்கணக்கான கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் ஒவ்வொன்றிலும் கேபிள் செருகும் போர்ட்டுகள் குறிப்பிட்ட அளவே உண்டு. தகவல் ஒரு ஸ்விட்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முறைகள் குறையக் குறைய வேகம் கூடும். ஆகவே அதிகப் போர்ட்டுகள் இல்லாமல், இரண்டு தாவலுக்குள், அதிகபட்ச ஸ்விட்சுகளை இணைப்பது எப்படி என்பது தொடக்கத்தில் கண்ட விமானக் கேள்வியேதான். 2014இல் சூரிச்சில் ஆய்வாளர்கள் முன்வைத்த ஸ்லிம் ஃப்ளை என்ற வலையமைப்பு, மூர் எல்லையை நெருங்கும் கோட்டுருக்களை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் அதைச் சுவிட்சர்லாந்தில் நிஜமாகவே நிறுவிப் பார்த்தபோது பயன்படுத்திய 50 ஸ்விட்சுகளும் ஹாஃப்மன்–சிங்கிள்டன் கோட்டுருவின்படியே இணைக்கப்பட்டன.

எஞ்சி நிற்பது படி 57. அதற்குரிய கோட்டுரு இருக்குமானால் அதில் 3250 முனைகளும் 92,625 விளிம்புகளும் இருக்கும். ஐகன் மதிப்புகள் 57, 7, −8. இவற்றில் 7இன் மடங்கெண் 1729, −8இன் மடங்கெண் 1520. இரு கன எண்களின் கூடுதலாக இரு வகையில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் ஹார்டியிடம் சொன்ன அதே 1729 இங்கேயும் வந்து நிற்பது தற்செயல்தான், அதற்கு உட்பொருள் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்காமல் போவதில்லை. 57 + 12,103 − 12,160 = 0 என்று தொகையும் பிசகாமல் முடிகிறது.

இரண்டு எட்டு என்ற வரம்பை மூன்று, நான்கு என்று தளர்த்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி வெகு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. 1973இல் ஜப்பானியர்களான பன்னாயும் இத்தோவும் ஒருபுறமும் இங்கிலாந்தின் டாமெரல் மறுபுறமும், தனித்தனியே, அங்கெல்லாம் ஒற்றைப்படை எண்ணிக்கையிலான பக்கங்கள் கொண்ட பலகோணங்களைத் தவிர வேறெதுவும் கிடைக்காது என்று நிறுவினார்கள். ஆகவே மூர் எழுப்பிய வினாவில் இன்றைக்கு மிச்சமிருப்பது இந்த ஒற்றை நேர்வு மட்டுமே.

அதைத் தேடுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு விடை சமச்சீர்மையில் இருக்கிறது. ஒரு கோட்டுருவின் முனைகளை இடம் மாற்றிவைத்தும் இணைப்புகள் மாறாமல் இருக்கும் வகைகளின் எண்ணிக்கை, அதன் சமச்சீர்மையின் அளவு. பீட்டர்சன் கோட்டுருவுக்கு அது 120, அதாவது ஐந்து பேரை வரிசை மாற்றும் வகைகளின் எண்ணிக்கையே. ஹாஃப்மன்–சிங்கிள்டன் கோட்டுருவுக்கு 2,52,000. பெரிய கோட்டுருக்களைத் தேடுகிறவர்கள் இத்தகைய சமச்சீர்மை இருக்கும் என்று முன்கூட்டியே கொண்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் அமைத்து மற்றதைச் சுழற்றிப் பெறுவது வழக்கம். ராபர்ட்சனின் ஐங்கோண–நட்சத்திர அமைப்பும் அந்த வகைதான். படி 57இல் அந்த வாசல் ஏறத்தாழ மூடிக் கிடக்கிறது. அங்கே எந்த முனையை வேண்டுமானாலும் எந்த முனையின் இடத்துக்கும் நகர்த்தும் அளவுக்குச் சமச்சீர்மை இருக்க முடியாது என்று கிரகாம் ஹிக்மன் நிறுவினார். ஸ்லோவாக்கியாவின் மாச்சாயும் ஷிரானும் 2010இல் இடமாற்ற வகைகள் 375ஐத் தாண்டா என்று காட்டினார்கள். 3250 முனைகள் கொண்ட ஓர் அமைப்புக்கு 375 என்பது மிகச் சொற்பம். சாத்தியமான 52,79,625 இணைப்புகளிலிருந்து 92,625ஐச் சுழற்சியின் உதவியின்றித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு பட்டியலை யாரேனும் கொண்டுவந்து வைத்தால், அது சரியா என்று பார்ப்பதற்குச் சாதாரண மடிக்கணினியே போதும்: அணியை எழுதி, அதனாலேயே பெருக்கி, பழைய அணியைக் கூட்டி, மூலைவிட்டத்தில் 56ஐக் கழித்து, எல்லா இடத்திலும் 1 நிற்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. பட்டியல் இல்லை என்று நிறுவுவதுதான் வழியென்றால், மடங்கெண் சோதனையைத் தாண்டிய புதிய தடை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய கோட்டுருக்களுக்கு ஐகன் மதிப்புகளைக் கொண்டு வகுக்கப்பட்டுள்ள வழக்கமான தடைகள் ஒவ்வொன்றையும் 3250, 57 என்ற எண்கள் ஏற்கெனவே தாண்டி நிற்கின்றன. ஒன்றோடொன்று நேரடியாக இணையாத முனைகளாகப் பொறுக்கினால் அதிகபட்சம் எத்தனை கிடைக்கும் என்பதற்கு ஹாஃப்மன் தந்த வரம்புகூட, இந்த நேர்வில் பின்னம் எதுவுமின்றிச் சரியாக 400 என்றே வருகிறது.